வயதானால் விழுவது சகஜமா? அம்மாவின் தடுமாற்றம் பற்றிக் கேட்டவருக்கு

கேள்வியின் சுருக்கம் இது: அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டார். ஒரு முறை இரவில் பாத்ரூம் போக எழுந்தபோது. இன்னொரு முறை, யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டெனத் திரும்பியபோது. பெரிய அடி இல்லை. தலை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல். "வயசானா அப்படித்தான், விடு" என்கிறார். உண்மையிலேயே வயதானால் பேலன்ஸ் போய்விடுமா? இனி அவரைத் தனியாக நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழியா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடப்பதை நிறுத்தாதீர்கள். விழாமல் காப்பாற்றுகிறோம் என்று ஒருவரை நாற்காலியிலேயே உட்கார வைத்தால் சில வாரங்களில் கால் தசை கரையும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இன்னும் சரியும், அடுத்த முறை விழுவது முன்பைவிட மோசமாக இருக்கும். முதியவர்களுக்கு நடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பிள்ளைகள் முழு அன்போடு செய்து, கெடுதலில் போய் முடிகிற காரியங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால் வயது தானாக வந்து யாரையும் தள்ளிவிடுவதில்லை. அது செய்வது கையிருப்பைக் குறைப்பதுதான். இளம் வயதில் நிற்கவும் நடக்கவும் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு இருப்பு இருக்கிறது. தூக்கமில்லாத இரவு, சுளுக்கிய கால், இருட்டான மாடிப்படி, எது வந்தாலும் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துகொள்வோம். 74-ல் இருப்பு குறைவு. அந்த நேரத்தில் ஒரு புது மாத்திரையோ நாலு நாள் காய்ச்சலோ சேர்ந்தால் பற்றாக்குறை வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு விழுதலுக்கும் பின்னால் தேடினால் கிடைக்கிற காரணம் இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றாகக் கைகோர்த்திருக்கும். ஒன்றைச் சரி செய்தாலே பலருக்கு நிலைமை மாறிவிடுகிறது.

எங்கே தேட வேண்டும் என்று தெரிய, சமநிலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு பாத அகலத்தின் மேல் இவ்வளவு உயரமான உடலை நிறுத்தி வைப்பது மூளைக்கு ஓயாத வேலை. கண், பாதமும் மூட்டுகளும், உள்காது ஆகிய மூன்று இடங்களிலிருந்து அதற்குச் செய்தி வருகிறது. ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடு கட்டும். முதுமையில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே காலத்தில் மங்குகின்றன என்பதுதான் சிக்கல்.

கண் என்றதும் எழுத்துப் பலகையை வாசிப்பதுதான் நினைவுக்கு வரும். விழுவதோடு நெருங்கிய தொடர்புள்ளது வேறு: மங்கலான ஒன்றை மங்கலான பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறன், ஆழத்தை அளக்கும் திறன், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனதும் கண் பழகும் வேகம். மூன்றும் வயதோடு குறைகின்றன. பலகையின் கடைசி வரியைப் பிசகாமல் வாசிக்கிறவருக்கும் சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படியின் விளிம்பு தெரியாமல் போகலாம். கண்புரை இருந்தால் இது இன்னும் கூடும். முதல் கண்ணுக்குப் புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்துகொண்ட முதிய பெண்கள் விழுவது கணிசமாகக் குறைந்ததை 2005-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

பாதத்தின் கதை இன்னும் அமைதியாக நடக்கும். உள்ளங்கால் தோலிலும் கணுக்கால் மூட்டிலும் இருக்கிற நரம்பு முனைகள் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வயதோடு அந்த உணர்வு மழுங்குகிறது. சர்க்கரை நோய், பி12 குறைபாடு இருந்தால் வேகமாக மழுங்குகிறது. வலி இருக்காது என்பதால் சிலருக்குத் தெரியவே தெரியாது. சிலர் "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். இப்படிப்பட்டவர்கள் கண்ணை நம்பியே நிற்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதோ, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதோ தள்ளாடுகிறதா, உடனே சுவரைப் பிடிக்கத் தோன்றுகிறதா? ஆம் என்றால் பாத நரம்பையும் உள்காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ட்யூனிங் ஃபோர்க் என்ற, தட்டினால் அதிரும் உலோகக் கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

உள்காதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உணர்கின்றன. அவற்றின் அருகே இருக்கும் இரண்டு சிறு பைகள் தலையின் சாய்வையும் முன்பின் நகர்வையும் உணர்கின்றன. அந்தப் பைகளில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு மெல்லிய படலத்தில் ஒட்டியிருக்கும். வயதாகும்போது துகள்கள் உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவது உண்டு. படுக்கையில் புரண்டால், படுத்து எழுந்தால், மேல் தட்டில் எதையாவது எடுக்க அண்ணாந்தால் துகள் உருளும். தலை சுற்றுகிறது என்று மூளை தவறாக நம்பும். சுற்றல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முதியவர்களில் பலர் சுற்றல் என்றே சொல்வதில்லை, "ஒரு மாதிரி தள்ளுது" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஸ்கேனில் இந்தத் துகள் தெரியாது, ரத்தத்திலும் தெரியாது. உங்கள் அம்மாவின் பரிசோதனைகள் எல்லாம் நார்மலாக வந்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். மேசையில் உட்கார வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டெனப் படுக்க வைத்துக் கண்ணின் அசைவைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் தெரிந்துவிடும். எப்லி முறையில் தலையைச் சில நிலைகளில் திருப்பித் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம். ஒன்றிரண்டு முறையிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. இவ்வளவு எளிதாகத் தீரும் ஒன்றை மாதக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரையால் மூடி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த மாத்திரைகளில் சில மந்தத்தை உண்டாக்கி, தடுமாற்றத்தைக் கூட்டவும் செய்யும்.

செய்தி சரியாக வந்தாலும் அதன்படி நடக்கத் தசை வேண்டும். வயதானால் தசை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, முதலில் போவது வேகமான தசை நார்கள் என்பது. நின்ற இடத்தில் லேசாகச் சாய்ந்தால் கணுக்கால் மட்டும் சரிப்படுத்தும். கொஞ்சம் அதிகமானால் இடுப்பு மடிந்து ஈடு கொடுக்கும். அதுவும் போதாவிட்டால் ஒரு காலை எடுத்து வைத்தாக வேண்டும், அதுவும் ஒரு நொடி ஆவதற்குள். தடுக்கி விழப்போகிறவரைக் காப்பாற்றுவது அந்த ஒரு எட்டுதான். முதியவரிடம் அந்த எட்டு தாமதமாக வருகிறது, குட்டையாக வருகிறது. ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு சிறு எட்டுகளாக வந்து, ஒரு கால் இன்னொரு காலில் இடிக்கவும் செய்கிறது. பக்கவாட்டில் சாயும்போது நிலைமை இன்னும் மோசம்.

மனிதர்கள் எப்படி விழுகிறார்கள் என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி விழுந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. வழுக்கி விழுந்தவை சுமார் 3 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். முதலிடம், 41 சதவீதம், உடல் எடையைத் தவறாக மாற்றியதற்கு: திரும்பும்போது, உட்காரப் போகும்போது, எட்டி எடுக்கும்போது எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குச் சரியாகப் போய்ச் சேராமல் விழுந்தவை. சும்மா நின்றுகொண்டிருந்தபோதும், உட்காரும்போதும் விழுந்தவர்கள் கணிசம். பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்கள் உங்கள் அம்மாவைவிட உடல் நலிந்தவர்கள்தான், ஆனாலும் கூப்பிட்டதும் திரும்பியபோது அவர் விழுந்தது இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தலை முதலில் திரும்புகிறது, உடம்பு பின்னால் வருகிறது, கால் இன்னும் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பும்போது காலைத் தரையில் சுழற்றாமல், சிறு சிறு எட்டுகளாக எடுத்து வைத்து அரைவட்டமாகத் திரும்பப் பழக்கினால் இந்த விழுதல் பெருமளவு குறையும்.

அவர் திரும்பியபோது கவனமும் பிரிந்திருந்தது. நடப்பது தானாக நடக்கும் காரியம் என்று நினைக்கிறோம். வயது ஏற ஏற அதற்கு மூளையின் கவனம் கொஞ்சம் தனியாகத் தேவைப்படுகிறது. சுவீடனில் 1997-ல் மிக எளிய ஒரு சோதனை செய்தார்கள். முதியோர் இல்லத்தில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பேச வேண்டும் என்றால் நின்றுவிட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்துவிட்டார்கள். அம்மாவோடு நடக்கும்போது நீங்களும் கவனியுங்கள், அவரிடம் சொல்லாமல். பதில் சொல்ல நிற்கிறார் என்றால், படி ஏறும்போதும் சாலையைக் கடக்கும்போதும் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், பின்னாலிருந்து கூப்பிடவும் வேண்டாம்.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் விழுதல்களில் மீண்டும் மீண்டும் கேட்பது இதுதான், ஒரே நிமிடத்தில் எத்தனை சேர்கிறது என்று பாருங்கள். தூக்கத்தில் இருக்கிறார். சிறுநீர் முட்டுகிறது, வயதில் அடக்கும் நேரம் குறைவு, அதனால் அவசரம். சட்டென எழுந்து நிற்கிறார். நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளம் உடலில் சில நொடிகளில் இதயத் துடிப்பு கூடி, ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தத்தை நேராக்கிவிடும். முதிய உடலில் அது தாமதமாகிறது. பிரஷர் மாத்திரையோ, நீர் பிரிவதற்கான மாத்திரையோ எடுத்தால் இன்னும் தாமதம். அறை இருட்டு, கண் பழக நேரமாகும், கண்ணாடியும் போடவில்லை. பாதத்தின் உணர்வு ஏற்கெனவே மந்தம். இரவில் தூக்க மாத்திரை போட்டிருந்தால் மூளை பாதி உறக்கத்தில். கதவருகே போவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, பிடிக்க எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவர் சமாளித்துவிடுவார். ஒன்றாக வந்தபோது முடியவில்லை. இதில் எந்தக் கண்ணியையும் அறுக்கலாம்: எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலை நாலைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து எழுவது, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரை தெரியும்படி சிறு இரவு விளக்கு, எழும் இடத்தில் அசையாத பிடிமானம், படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, அந்த அளவைப் பகலில் குடித்துவிடுவது. இரவில் மூன்று நான்கு முறை எழுகிறார் என்றால் அதையே தனிப் பிரச்சினையாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தத்தைப் பொதுவாக உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் இந்தச் சரிவு அகப்படாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை எடுக்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய சரிவு. வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால் நீங்களே எடுத்துக் குறித்துக்கொண்டு போகலாம்.

மாத்திரைகள் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாற்றக்கூடிய காரணங்களில் இது மிக முக்கியம். தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கான மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், மனநோய் மருந்துகள் ஆகியவற்றுக்கும் விழுவதற்கும் உள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்டது. பிரஷர் மருந்து, பிராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் சில மருந்துகள், சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடும் மருந்துகள், தூக்கம் வரவைக்கும் பழைய வகை சளி, அலர்ஜி மாத்திரைகள் இவையும் பட்டியலில் உண்டு. நியூசிலாந்தில் 1999-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், மனநலன், தூக்கம் சார்ந்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்கள் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்ததும் அவர்களில் பலர் மறுபடியும் அதே மாத்திரைக்குத் திரும்பினார்கள் என்பதும் அதோடு சேர்ந்த செய்தி. விடுவது அவ்வளவு கடினம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், வேறு வேறு மருத்துவர்கள் கொடுத்தது, கடையில் தாமாக வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "இதில் எதாவது விழ வைக்குமா, எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல ஸ்கேன்களுக்குச் சமம்.

அம்மா பைஃபோக்கலோ புரோகிரஸிவ் கண்ணாடியோ போட்டிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. நடக்கும்போது தரையைப் பார்ப்பதும் அதே கீழ்ப்பகுதி வழியாகத்தான், அதனால் படியின் விளிம்பு மங்கும். அதிகமாக வெளியே போய்வருகிறவர்களுக்குத் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி விழுவதைக் குறைக்கிறது. வீட்டை விட்டு அதிகம் போகாத, நலிந்தவர்களுக்கோ இப்படி மாற்றியபின் வெளியே விழுவது கூடியது. எனவே எல்லோருக்கும் ஒரே யோசனை பொருந்தாது, கண் மருத்துவரிடம் அம்மாவின் அன்றாட நடமாட்டத்தைச் சொல்லி முடிவு செய்யுங்கள். காது கேட்பது குறைந்திருந்தால் அதற்கும் கருவி வாங்கிக் கொடுங்கள். கேட்கும் திறன் குறைந்தவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது.

பயம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முறை விழுந்தவருக்கு மட்டுமல்ல, விழாதவருக்கும் வரும். பயந்தவர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்து நடப்பார், தரையையே பார்ப்பார், வெளியே போவதைக் குறைப்பார். நடை குறைந்தால் தசை குறையும், தசை குறைந்தால் பயம் கூடும். இன்னொன்று, பெரியவர்கள் விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிள்ளைகள் வெளியே விடமாட்டார்கள் என்ற அச்சம் உள்ளுக்குள் இருக்கும். உங்களுக்குத் தெரிந்தது இரண்டு முறை. உண்மையில் எத்தனை என்று கோபப்படாமல், கட்டுப்பாடு எதுவும் வராது என்று உறுதி கொடுத்துக் கேளுங்கள்.

வீட்டிலேயே அவர் நிலையைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம், நீங்கள் பக்கத்தில் கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கூடுதல். ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் 10 நொடி நிற்க முடியாவிட்டாலும் அப்படித்தான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது கால் வலுவைக் காட்டும். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழே என்றால் சராசரியைவிடக் குறைவு. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் அதுவே போதுமான தகவல்.

இனி, என்னை இந்தத் தொழிலில் நிறுத்தி வைத்திருக்கும் செய்தி: பயிற்சியால் விழுவது குறைகிறது, ஐயத்துக்கு இடமில்லாமல். 2019-ல் 108 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) ஆய்வுரையில், பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு 34 சதவீதம் வரை போனது. தை சி என்ற மெதுவான சீனப் பயிற்சியும் பலன் தருகிறது. நடைப்பயிற்சி மட்டும் செய்தால் விழுவது குறையும் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. நடை இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, அதைத் தொடரட்டும். ஆனால் "தினமும் வாக்கிங் போறாங்க, அது போதும்" என்று இருந்துவிடாதீர்கள். தடுமாற்றத்தைச் சமாளிக்கும் திறன், லேசாகத் தடுமாற வைக்கும் பயிற்சியில்தான் வளர்கிறது. எளிதாக நிற்க முடிகிற நிலையில் நின்றுகொண்டிருந்தால் எதுவும் வளராது.

என்ன செய்யலாம்? சமையலறை மேடையைப் போல அசையாத ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் நாற்காலி போட்டு, ஆரம்பத்தில் கையால் பிடித்தபடியே தொடங்கட்டும். இரண்டு பாதத்தையும் ஒட்டி நிற்பது. பிறகு ஒரு பாதம் பாதியளவு முன்னால். பிறகு ஒரே கோட்டில். பிறகு ஒரு காலில். ஒவ்வொன்றும் 10 நொடி தள்ளாடாமல் வந்ததும் பிடியைக் குறைக்க வேண்டும்: முழுக் கை, இரண்டு விரல், ஒரு விரல், பிறகு கை மேலே மிதந்தபடி. குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து வேகமாக எழுந்து மெதுவாக உட்காருவது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது இவற்றைச் சேர்க்கலாம். எழும் வேகத்தை நான் வற்புறுத்துகிறேன், முன்பு சொன்ன வேகமான தசை நார்களுக்கு வேலை தருவது அதுதான். வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம் வருகிற மாதிரி பிரித்துக்கொண்டு செய்தால் பலன் அதிகம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், விட்டுவிட்டால் கரைந்துவிடும். நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் இப்படி வீட்டிலேயே செய்வதுதான்; 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் அது பலன் தந்திருக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தவர் என்பதால் தொடக்கத்தைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்து நிர்ணயிப்பது நல்லது. உடம்பில் பட்டையைக் கட்டிப் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, எதிர்பாராத நேரத்தில் லேசாகத் தள்ளியோ இழுத்தோ, காப்பாற்றும் அந்த ஒரு எட்டைப் பழக்கும் முறையும் இருக்கிறது. கிடைக்கிற இடத்தில் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதெல்லாம் உங்களுக்கே தெரியும்: நழுவும் மிதியடி, தரையில் ஓடும் ஒயர், பாத்ரூம் ஈரம், கைப்பிடி இல்லாத படி. இவற்றைச் சரி செய்வது ஏற்கெனவே விழுந்தவர்களின் வீட்டில்தான் அதிகப் பலன் தருகிறது, அதனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது, எடை தாங்காமல் கையோடு வந்துவிடும். செருப்பு குதிகாலைப் பிடிக்கும் வகையாக, அடிப்பாகம் மெல்லியதாக, வழுக்காததாக இருக்கட்டும். சாக்ஸோடு மட்டும் வழவழப்பான தரையில் நடக்க விடாதீர்கள். கைத்தடி வேண்டும் என்றால் செருப்பு போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குப் பிடி வர வேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள்.

எலும்பையும் மறக்காதீர்கள். இடுப்பு எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் விழுவதால் வருகின்றன. அப்படி முறிந்தவர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். 74 வயதுப் பெண்ணுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை அவசியம். அதில் குறைவு தெரிந்தால் மருந்து இருக்கிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கலாம். அதிகம் எடுத்தால் அதிக வலு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தவணையாக 5,00,000 யூனிட் கொடுத்த ஆய்வில் விழுவதும் முறிவும் கூடியது, 2010-ல் வெளியான முடிவு அது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பழக்கி வையுங்கள். அடிபடாமல் விழுந்தவர்களில்கூடப் பலரால் தரையிலிருந்து தாமாக எழ முடிவதில்லை. மணிக்கணக்கில் தரையிலேயே கிடந்தால் தசை சிதையும், உடலில் நீர் வற்றும், அழுத்தப் புண் வரும். ஆள் இருக்கும்போது கட்டில் பக்கத்தில் பயிற்சி செய்யலாம்: ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகால்களில் நின்று, தவழ்ந்து உறுதியான நாற்காலிக்கு வந்து, இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, வலுவான காலை முன்னால் மடித்து ஊன்றி, எழுந்து திரும்பி உட்காருவது. முழங்கால் மோசமாக இருந்தால் இதை அவர் உடம்புக்கு ஏற்ப மாற்றித் தர வேண்டியிருக்கும். போன் எப்போதும் உடம்போடு, கழுத்தில் தொங்கும் பையிலோ இடுப்பிலோ இருக்கட்டும். விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதலில் வலி எங்கே என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், எடை ஊன்ற முடியாவிட்டால், அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு தப்பி விழுந்தார் என்றாலோ, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இருந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட விழுந்தால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதியவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத் தலைவலியாக, குழப்பமாக, நடை மாற்றமாக வெளிப்படுவது உண்டு. அப்படி எதையாவது பார்த்தால், முன்பு விழுந்த தேதியை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.